பெரிய கோயிலுக்கு அப்புறமும் தஞ்சாவூர் இருக்குங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல டெல்டாவுல ஒரு நாள்ல எங்கெங்க சுத்தலாம்னு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, படிச்சேன், படமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. காலையில ஒரு கோயில், மத்தியானம் ஒரு கோயில், சாயங்காலம் ஒரு கோயில், நடுவுல கும்பகோணம் டிகிரி காபி, போற வழியில திருவையாறு அசோகா. எனக்கு கோயில் மேல ஒன்னும் கோவம் இல்ல, பிரதோஷம்னா விடாம போற ஆளுதான் நானு. ஆனா தஞ்சாவூருன்னு வந்ததும் பெரிய கோயில் ஒரு மணி நேரம்னு போட்டுட்டு அடுத்த ஊருக்கு பஸ் ஏத்தி விட்டுட்டீங்க பாருங்க, அரண்மனைக்குள்ள இருக்குற கலைக்கூடம் பத்தி ஒத்த வரி கூட இல்ல, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

உங்கள மட்டும் சொல்லி என்ன, எங்க வீட்லயும் அப்படித்தான். நாங்க பாபநாசம். தஞ்சாவூருக்கு ஆஸ்பத்திரிக்கு போவோம், ஜவுளி எடுக்க போவோம், கல்யாணத்துக்கு போவோம், சொந்தக்காரங்க வெளியூர்லேந்து வந்தா பெரிய கோயிலுக்கு கூட்டிட்டு போயி நந்தி முன்னாடி போட்டோ எடுத்துட்டு திரும்பிடுவோம். இந்த பரீட்சை லீவுல நெய்வேலிலேந்து எங்க நாத்தனார் வந்திருந்தாங்க, எம் பொண்ணு பிளஸ் ஒன் முடிச்சிருக்கா, அவளுக்கு படம் வரையறதுல ஆசை, அவதான் இந்த தடவை கலை சம்பந்தமா மட்டும்தான் பாக்கணும், கோயிலுக்கு கடைசியா போனா போதும்னு அடம் புடிச்சா. சரின்னு மூணு பேரும் காலையில கெளம்பிட்டோம்.

தெரியாதவங்களுக்காக சொல்றேன், பழைய ஊருங்கறது நாலு ராஜ வீதியும் அதுக்குள்ள இருக்குற சந்துகளும்தான், அரண்மனை கீழ ராஜ வீதியில இருக்கு, அங்கேருந்து பெரிய கோயிலுக்கு வெயில் இல்லன்னா நடந்தே போயிடலாம். நாயக்கருங்க கட்ட ஆரம்பிச்சு மராத்தி ராஜாக்கள் காலத்துல வளந்த அரண்மனை. அதுக்குள்ளதான் கலைக்கூடம். அது வந்த கதையே ஒரு தனி கதை. கரந்தையில கேப்பார் இல்லாம கிடந்த ஒரு பிரம்மா சிலைய வெளியூர் மியூசியத்துக்கு கொண்டு போக பாத்திருக்காங்க, ஊர் ஜனங்க விடல, அப்ப கலெக்டரா இருந்த டி.கே.பழனியப்பன் நம்ம சிலைகளுக்கு நம்ம ஊர்லயே ஒரு எடம் இருக்கட்டும்னு 1951ல இத ஆரம்பிச்சாரு. ஊர்க்காரங்க சண்டை போட்டு கெடச்ச எடம் சார் இது, அதுக்கு ஊர்க்காரங்களே போகாம இருந்தா எப்படி.

உள்ள போயி வெண்கல சிலைங்க இருக்குற மண்டபத்துல ரிஷபவாகன தேவர் முன்னாடி நின்னவங்கதான், அங்கேருந்து நகர ரொம்ப நேரம் ஆச்சு. திருவெண்காட்டுல மண்ணுக்குள்ளேருந்து கெடச்சவரு. எந்த காலத்துல யாரு பயந்து புதைச்சாங்களோ. அந்த கோயில் கல்வெட்டுல இவர செஞ்சு வெச்சது 1011, பக்கத்துல நிக்கிற அம்மன் அதுக்கு அடுத்த வருஷம்னு கணக்கு வருது. பெரிய கோயில் கலசம் ஏறினது 1010னு நெனச்சு பாருங்க, அங்க கல்லு வேலை முடியுது, இங்க காவிரி கடைசியில ஒரு ஊர்ல இந்த வேலை நடக்குது. சிவன் ரெண்டே கையோட நிக்கிறாரு, சூலம் இல்ல, மான் மழு ஒன்னும் இல்ல, தலைமுடிய பாம்போட சேத்து முண்டாசு மாதிரி சுத்தி கட்டியிருக்காரு, ஒரு காலை குறுக்க வெச்சு, ஒரு கைய மடக்கி அப்படியே சாஞ்ச மாதிரி. எதுல சாஞ்சிருக்காரு? மாட்டு மேல. மாடு இல்ல! காளை சிலை மட்டும் கெடைக்கவே இல்ல. எங்க நாத்தனார் மாடு எங்கடின்னு கேட்டாங்க, எம் பொண்ணு அந்த கையவே பாருங்க அத்தை தெரியும்னா. நெஜமாவே தெரியுது. எங்க மாமனார் வண்டிய அவுத்து விட்டுட்டு மாட்டு திமில்ல கைய போட்டுக்கிட்டு யாரோடயோ பேசிக்கிட்டு நிப்பாரு, அதே நிப்பு.

இன்னொன்னு எனக்கு அங்கதான் உறைச்சுது. கோயில்ல உற்சவரை நாம என்னிக்கு முழுசா பாத்திருக்கோம்? பட்டு, மாலை, கவசம், சந்தனம், மூஞ்சி மட்டும்தான் தெரியும், அதுவும் கூட்டத்துல எட்டிப் பாத்து. அது வேற தரிசனம், அத குறைச்சு சொல்லல. ஆனா இடுப்பு எப்படி வளையுது, துணி மடிப்பு தொடையில எப்படி ஒட்டுது, விரல் நுனி எவ்ளோ லேசா இருக்குன்னு அந்த காலத்து ஸ்தபதி பாத்து பாத்து செஞ்சானே, அந்த வேலைய பாக்கணும்னா இப்படி ஒரு எடம்தான் வேணும். எங்க நாத்தனார் ஒவ்வொரு சிலை முன்னாடியும் கன்னத்துல போட்டுக்கிட்டேதான் வந்தாங்க, அதுவும் சரிதான், ரெண்டையும் ஒன்னா பண்ணலாம்.

இது எப்படி செய்யறாங்கன்னு பொண்ணு கேட்டா. எங்க ஊர்லேந்து சுவாமிமலை எட்டிப் புடிக்கிற தூரம், பட்டறையில பாத்திருக்கேன்கறதால சொன்னேன். தேன்மெழுகுல குங்கிலியம் கலந்து முழு சிலையையும் மெழுகுலயே செஞ்சுடுவாங்க, நகை, விரல் எல்லாம் அதுலயே. அது மேல காவிரி வண்டல் மண்ண நைசா பூசி, காய வெச்சு, திரும்ப பூசி, கம்பி கட்டி சுடுவாங்க. மெழுகு உருகி வெளிய ஓடிரும், அந்த காலி எடத்துல உலோகத்த காய்ச்சி ஊத்துவாங்க. ஆறினதும் மண்ண உடைச்சாத்தான் சிலை வெளிய வரும், அப்ப அச்சு போயிடுது, அதனால அதே மாதிரி இன்னொன்னு வேணும்னா மறுபடி மெழுகுலேந்துதான் ஆரம்பிக்கணும். அப்புறம் உளி வேலை, கண்ணு தொறக்குறது எல்லாம் தனி. மண்ணு நம்ம ஆத்து மண்ணுன்னு சொன்னதும் அவ மூஞ்சியில ஒரு சந்தோஷம்.

கல்லு சிலையில தாராசுரத்து கஜசம்ஹாரமூர்த்தி. யானைத் தோல உரிச்சு பின்னாடி விரிச்சு புடிச்சுக்கிட்டு ஒடம்ப அப்படியே முறுக்கி நிக்கிறாரு, கல்லு இப்படி திரும்புமான்னு இருக்கு, பக்கத்துல பார்வதி பயந்து ஒதுங்குறா. ரிஷி பத்தினிகள் வரிசையும் தாராசுரம்தான், பிச்சாடனர, அதாவது பிச்சைக்கு வந்த சிவன பாத்து மயங்கி நிக்கிற பொம்பளைங்க, ஒவ்வொருத்தி நிக்கிறதும் ஒவ்வொரு தினுசு. சிரிப்பு என்னன்னா தாராசுரம் எங்க ஊர்லேந்து கும்பகோணம் போற வழியில இருக்கு, அந்த ஊரு சிலைய பாக்க நாங்க எதிர் திசையில தஞ்சாவூர் வந்திருக்கோம்.

அதே அரண்மனையில ஒரு திமிங்கல எலும்புக்கூடும் இருக்கு, 1955ல தரங்கம்பாடியில கரை ஒதுங்கினது. சோழர் சிலைக்கும் திமிங்கலத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க, ஆனா அங்க நின்ன சின்ன புள்ளைங்க எல்லாம் அதுகிட்டத்தான் இருந்துச்சுங்க. சரஸ்வதி மஹால் மியூசியத்துல மனுஷ மூஞ்சியையும் மிருக மூஞ்சியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வரைஞ்ச பிரெஞ்சு படங்கள் இருக்கு, ஆந்தை மாதிரி ஒரு ஆளு, ஆடு மாதிரி ஒரு ஆளு, எங்க மூணு பேருக்கும் சொந்தத்துல யாரு யாரு எந்த படம்னு பேசி சிரிச்சு மாளல. இதெல்லாம் சேத்து வெச்ச சரபோஜி ராஜாவுக்கு ஒரு கும்பிடு.

மத்தியானம் ஒரு மெஸ்ல சாப்பாடு, வத்தக்குழம்பு பிரமாதம், அத விடுங்க.

சாப்பிட்டுட்டு ஓவியக் கடைங்க. தஞ்சாவூர் ஓவியத்த காலண்டர்லயும் கல்யாண கிப்ட்லயும் பாத்து பாத்து எனக்கு பெருசா மரியாதை இல்லாம இருந்துச்சு, ஒரு சந்துல வீட்டு முன் ரூம்லயே வேலை செய்யற ஒருத்தர் கூப்பிட்டு உக்கார வெச்சு காட்டினாரு, அப்பறம்தான் மாறுச்சு. முன்னாடி பலா பலகையில செய்வாங்களாம், இப்ப பெரும்பாலும் பிளைவுட்டு. அது மேல துணி ஒட்டி, சுண்ணாம்பு பவுடரையும் கோந்தையும் கலந்து பூசி வழவழன்னு தேய்ச்சு, அப்புறம் கோடு போட்டு, கல்லு ஒட்டி, மக்கு வேலை. மக்குன்னா அந்த பேஸ்ட்ட பிரஷ்ல தொட்டு தொட்டு நகை, தூண், மாலை வர்ற எடத்துல எல்லாம் மேடா எழுப்புறது, அவரு கிருஷ்ணர் காப்பு ஒன்னுக்கு மட்டும் ஒன்னு மேல ஒன்னா வெச்சுக்கிட்டே இருந்தாரு, ஒன்னு காயாம அடுத்தது வெக்கக் கூடாதாம். அது மேல 22 கேரட் தங்க ரேக்க வெட்டி ஒட்டி மழுங்கின குச்சியால அழுத்தி அழுத்தி அந்த மேடு பள்ளத்துக்குள்ள எறக்குறாரு. கலர் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். மூஞ்சி கடைசி. பொண்ணு வாயே தொறக்கல, உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா.

அதுக்கு அப்புறம் போன இன்னொரு கடை, பேரு வேணாம், கண்ணாடி போட்ட பெரிய கடை, அங்க எங்க நாத்தனாருக்கு ஒரு மகாலட்சுமி புடிச்சு போச்சு, வெலையும் கொறைவு, ஒரிஜினல் தஞ்சாவூர் பெயிண்டிங்னு அடிச்சு சொன்னாங்க. எம் பொண்ணு கிட்ட போயி சைடுல சாச்சு பாத்தா, மூஞ்சியும் பொடவையும் பிரிண்ட்டு, அதுக்கு மேல கல்ல மட்டும் ஒட்டி மஞ்சளா எதையோ தடவியிருக்கு. கேட்டா இதுவும் தஞ்சாவூர்லதானம்மா செஞ்சதுன்னு பதில். என்ன சொல்றது. வாங்கறவங்க சைடு வெளிச்சத்துல பாருங்க, மக்கு மேடு தெரியணும், மூஞ்சியில பிரஷ் கோடு தெரியணும், ரேக்கு தங்கமா இமிட்டேஷனான்னு கேட்டு பில்லுல எழுதி வாங்குங்க, இமிட்டேஷன் சில வருஷத்துல கறுத்துடும். பிரிண்ட்ட பிரிண்ட்டுன்னு சொல்லி விக்கிறதுல தப்பே இல்ல, எல்லாராலயும் தங்கம் வாங்க முடியாது. ஆனா பொய் சொல்லி வித்தா அந்த சந்து வீட்டுக்காரரோட மக்கு வேலைக்கு என்ன மதிப்பு, புவிசார் குறியீடு எதுக்கு வாங்கினோம்?

சாயங்காலம்தான் பெரிய கோயில், அதுவும் இந்த தடவை வேற கண்ணோட. கருவறைய சுத்தி உள்ள இருக்குற பாதையில சோழர் ஓவியம் இருக்கு, 1931ல அண்ணாமலை பல்கலைக்கழகத்து எஸ்.கே.கோவிந்தசாமி கண்டுபுடிச்சது, நாயக்கர் காலத்து ஓவியம் மேல இருக்க, அது பேந்த எடத்துல அடியில சோழர் காலத்தது தெரிஞ்சிருக்கு. பொது ஜனங்கள அங்க விட மாட்டாங்க, விடக் கூடாதுதான், நம்ம மூச்சுக்காத்தே அதுக்கு கேடு. ஆனா அதோட போட்டோ எல்லாம் சுத்து மாளிகையில ஒரு காட்சிக்கூடத்துல வெச்சிருக்காங்க, அத எத்தனை பேரு பாக்கறாங்க? சுந்தரர் வெள்ளை யானை மேல போறாரு, சேரமான் பெருமாள் குதிரையில, அத பாத்துட்டு வெளிய வந்து விமானத்த பாருங்க, அந்த கல்லு சுவருக்குள்ள கலரா ஒரு ஒலகம் இருக்குன்னு தெரிஞ்சு பாக்கறது வேற மாதிரி இருக்கும். பக்கத்து சிவகங்கை பூங்காவ ஒட்டி இருக்குற ஸ்வார்ட்ஸ் சர்ச்சுல ஃபிளாக்ஸ்மன்னு லண்டன் சிற்பி செஞ்ச சலவைக்கல்லு ஒன்னு இருக்கு, சாகக் கெடக்குற ஸ்வார்ட்ஸ் பாதிரியார பாக்க சரபோஜி வந்து கைய புடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி. நேரம் ஆயிடுச்சு, அது எங்களுக்கு அடுத்த தடவைக்கு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இவ்ளோவும் ஒரே ஊர்ல நடக்குற தூரத்துல இருக்கு, ஆனா ஒன்னுக்கும் இன்னொன்னுக்கும் தொடர்பே இல்ல. ஒரு எடத்துல நின்னா அடுத்தது எங்கன்னு சொல்ல ஒரு போர்டு கெடையாது, நாங்க ஆட்டோக்காரர் கிட்டயும் பூக்காரம்மா கிட்டயும் கேட்டு கேட்டுத்தான் போனோம். பழைய பஸ் ஸ்டாண்டுலயும் அரண்மனை வாசல்லயும் பெரிய கோயில் வாசல்லயும் தமிழ்ல ஒரு மேப் வெச்சா என்ன செலவாகப் போகுது? நெசமா கையால வேலை செய்யற ஓவியர்கள், தட்டு வேலை செய்யறவங்க, தலையாட்டி பொம்மை, நெட்டி வேலை செய்யறவங்க வீடுங்க எந்த சந்துலன்னு அவங்க சம்மதத்தோட அதுல போட்டா அவங்களுக்கும் நாலு வியாபாரம் நடக்கும். பொதுவா நம்ம பக்கத்து மியூசியம் எல்லாத்துலயும் சிலைக்கு கீழ பேரு, ஊரு, நூற்றாண்டு அதோட முடிஞ்சுடும், அந்த மாடு இல்லாத கதைய ரெண்டு வரி எழுதி வெச்சா நாத்தனாருக்கு சொல்ல எம் பொண்ணு கூட இருக்க வேண்டியதில்ல. பள்ளிக்கூடத்து டூர் பஸ்ஸெல்லாம் தீம் பார்க்குக்கு போகுதே, பதினோரு வயசு புள்ளைங்கள அந்த ரிஷபவாகனர் முன்னாடி பேப்பரும் பென்சிலுமா அரை மணி நேரம் உக்கார வைக்கட்டும், டிராயிங் மாஸ்டர் கூட இருந்தா போதும்.

உங்க பேப்பருக்கும் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு சிலை, இல்லேன்னா ஒரு ஓவியம், பெரிய போட்டோவோட போடுங்க. எங்க இருக்கு, எந்த கோயில்லேந்து வந்துச்சு, எந்த பக்கத்துல நின்னு பாக்கணும், அந்த ஊருக்கு எந்த பஸ்ஸு, அவ்ளோ போதும். திருவாரூர் தேவாசிரிய மண்டபத்து முசுகுந்தன் ஓவியம், கும்பகோணம் ராமசாமி கோயில் பிரகாரத்துல முழு ராமாயணம்னு டெல்டாவுக்குள்ளயே வருஷக் கணக்குக்கு வரும், சரக்குக்கு பஞ்சமே இல்ல.

லெட்டர் நீளமா போயிடுச்சு, தெரியுது. எடம் பத்தலன்னா வத்தக்குழம்ப வெட்டிக்குங்க, திமிங்கலத்த வெட்டிக்குங்க, அந்த டூப்ளிகேட் பெயிண்டிங் விஷயத்த மட்டும் தயவு செஞ்சு வெட்டாம போடுங்க, ஆனி ஆவணி முகூர்த்தத்துக்கு நெறைய பேரு கிப்ட் வாங்க தஞ்சாவூர் போவாங்க.

இப்படிக்கு,
பாபநாசம் வாசகி ஒருத்தி