நிலக்கரி எல்லாம் ஒன்றல்ல: எரிசக்தித் திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பல நாடுகளிலும் எரிசக்தித் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். உங்கள் ஆண்டறிக்கைகள் பலவற்றில் 'நிலக்கரி' என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. ஆந்த்ரசைட் எனும் மிகக் கடினமான, கார்பன் மிகுந்த நிலக்கரியும் பழுப்பு நிலக்கரியும் அதற்குள் கலந்து கிடக்கின்றன. ஆந்த்ரசைட்டைத் தனியே பிரித்துக் காட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஆந்த்ரசைட் கட்டியைக் கையில் எடுத்தால் கரி ஒட்டாது, கண்ணாடிபோல் மினுங்கும். லேசில் பற்றாது. பற்றிவிட்டால் அதிகப் புகையில்லாமல், குட்டையான நீலச் சுடரோடு நின்று எரியும். சூட்டில் ஆவியாகும் பொருள் அதில் மிகக் குறைவு. அதனால்தான் அதற்கென்று கட்டிய கொதிகலனில் வேறு நிலக்கரியை அப்படியே போட முடிவதில்லை. கரியைப் பொடியாக்கும் எந்திரத்திலேயே தீப்பிடிக்கக்கூடும்.

உக்ரைன் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 2014இல் போர் தொடங்கியபின், நாட்டின் கிழக்கே உள்ள டொன்பாஸ் பகுதியின் ஆந்த்ரசைட் சுரங்கங்கள் கீவ் அரசின் கையைவிட்டுப் போயின. நாட்டில் வேறு நிலக்கரி இருந்தது. ஆனால் பல அனல் மின் நிலையங்கள் ஆந்த்ரசைட்டை நம்பிக் கட்டப்பட்டவை. தென்னாப்பிரிக்காவிலிருந்தும், 2017இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலிருந்தும் கப்பலில் வரவழைத்தார்கள். சில கொதிகலன்களையே மாற்றியமைத்தார்கள். மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தவருக்கு இந்த நெருக்கடி வருவது எப்படித் தெரிந்திருக்கும்?

அந்தப் பென்சில்வேனியாவே 1917வாக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 9 கோடி டன் ஆந்த்ரசைட் வெட்டி எடுத்த இடம். வீடுகள் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறியதும் சரிந்துவிட்டது. வியட்நாமின் குவாங் நின் சுரங்கங்கள் ஏற்றுமதிக்குப் பேர்போனவை. இன்றோ அந்த நாடு ஏற்றுமதியைவிட அதிகமாக நிலக்கரியை இறக்குமதி செய்கிறது. உலக ஆந்த்ரசைட் உற்பத்தியின் பெரும்பங்கு இப்போது சீனாவில்.

எனக்கு அதிகம் மனம் வலிப்பது தென்கொரியாவை நினைத்தால்தான். 1989இலிருந்து சுரங்கங்களை வரிசையாக மூடி, 2025இல் கடைசி அரசுச் சுரங்கத்தையும் மூடினார்கள். மூடியதைத் தவறென்று சொல்லவில்லை. ஆனால் ஆந்த்ரசைட் தூளில் செய்த, துளைகள் போட்ட உருளைக் கரியால் குளிர்காயும் ஏழை முதியவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். தணல் அடங்குமுன் எழுந்து, கீழே உள்ள துளையோடு மேலே உள்ள துளை பொருந்தும்படி புதுக் கரியை இடுக்கியால் வைக்க வேண்டும். புகை கண்ணுக்குத் தெரியாது. கார்பன் மோனாக்சைடு எத்தனையோ பேரைத் தூக்கத்திலேயே கொன்றிருக்கிறது. சுரங்கத்தை மூடும் தேதியைக் குறிக்கும்போதே, இவர்கள் வீட்டுக்கு வேறு வெப்பம் போய்ச்சேரும் தேதியையும் குறித்தாக வேண்டும்.

சரி, கேட்பது பெரிதல்ல. அடுத்த அறிக்கையில் ஆந்த்ரசைட்டுக்கென ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்தச் சுரங்கத்திலிருந்து வருகிறது, எந்தக் கொதிகலனுக்குப் போகிறது, எத்தனை வீடுகள் அதை நம்பியிருக்கின்றன என்று அதில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிக்கைகளை வரி விடாமல் படிக்கும் ஒருவர்