அது ஆளில்லாத மலை அல்ல, ஆசிரியரே

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழ்ப் பயணக் கட்டுரையில், அமெரிக்காவின் வெஸ்டர்ன் கரோலினா பல்கலைக்கழகத்தை "மனித வாடையே இல்லாத மலைக்காட்டில் 1889இல் எழுந்த கல்விக்கூடம்" என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அது இருக்கும் கல்லவீ ஊரில்தான் நான் முதுகலை படித்தேன்.

1889 சரி. மனித வாடை இல்லை என்றால் எப்படி? அந்த வளாகம் நிற்பதே செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் பழைய ஊர் இருந்த இடத்தில். அவர்கள் எழுப்பிய மண்மேடு ஒன்று அங்கே இருந்தது. 1956இல் ஒரு கட்டடத்துக்காக அதைத் தள்ளிச் சமப்படுத்திவிட்டார்கள். பல்கலைக்கழகமே இதை ஒளிப்பதில்லை. செரோக்கி ஆய்வுக்கென்று தனிப் படிப்பு வைத்திருக்கிறது, மொழியும் கற்றுத்தருகிறது. உங்கள் கட்டுரையாளர் நடந்துபோன வளாகத்திலேயே ஆங்கிலத்தோடு செரோக்கி எழுத்திலும் பெயர்ப்பலகைகள் இருக்கின்றன. சீக்வோயா என்ற ஒருவர் 1821 வாக்கில் உருவாக்கிய எழுத்து அது. என் அறைத்தோழி செரோக்கிப் பெண். அந்தப் பலகைகளுக்கு முன்னால் நின்று ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து எனக்கு வாசித்துக் காட்டுவாள். அவள் பாட்டி சரளமாகப் பேசுவார், அம்மாவுக்கு அரைகுறை, இவள் வகுப்பில் உட்கார்ந்து படித்தாள். 2019இல் மூன்று செரோக்கிப் பழங்குடி அரசுகளும் சேர்ந்து, அழிந்துவரும் தங்கள் மொழிக்கு நெருக்கடி நிலை அறிவித்தன என்ற செய்தி வந்தபோது எனக்கு அந்த வீடுதான் நினைவுக்கு வந்தது.

அவர்கள் எங்கேயோ போய்விட்டவர்களும் இல்லை. 1838இல் ராணுவம் வந்து செரோக்கிகளை மேற்கே துரத்தியபோது மலையிலேயே தங்கிவிட்டவர்களின் வழிவந்தவர்கள், காரில் ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய குவாலா என்ற தங்கள் நிலப்பகுதியில் வாழ்கிறார்கள். அந்த நிலமும் அரசாங்கம் இனாமாகக் கொடுத்தது இல்லை. தங்கள் பெயரில் வாங்க முடியாத காலத்தில் வில்லியம் தாமஸ் என்ற வணிகர் பெயரில் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்தது.

இது முதல் தடவை என்றால் விட்டிருப்பேன். முன்பு ஸ்மோக்கி மலை பற்றி எழுதினீர்கள், அதில் செரோக்கி என்றாலே சூதாட்ட விடுதி மட்டும்தான். கூடவே நீண்ட இறகுக் கிரீடம் வைத்த ஒருவர் படம் வேறு. அந்தக் கிரீடம் சமவெளிப் பழங்குடிகளுடையது, சுற்றுலாக்காரர்களுக்காகச் செரோக்கிகள் சாலையோரத்தில் போட்டுக்கொண்டு நிற்பதும் உண்டு என்று அப்போதே மரியாதையாக எழுதினேன். பதிலே வரவில்லை. அப்புறம் இந்தக் கட்டுரையில் ஜுடகல்லா பாறையைப் "பழங்காலக் கிறுக்கல்" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அது செரோக்கிகள் புனிதமாக மதிக்கும் பெரிய மாக்கல் பாறை, உடம்பு முழுக்கக் கோடும் குழியுமாக இருக்கும். உச்சிவெயிலில் ஒன்றும் புலப்படாது, சாய்வெயில் பட்டால்தான் கீறல்கள் எழுந்து தெரியும். என் தோழி அங்கே சத்தமாகப் பேசக்கூட மாட்டாள்.

உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை என்பதால்தான் இவ்வளவு வருத்தம். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள்: அந்த வளாகம் செரோக்கி ஊர் இருந்த இடம், அந்த மக்கள் இன்றும் பக்கத்திலேயே வாழ்கிறார்கள் என்று. இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
மதுரை