அரிட்டாபட்டி பறவைக்குரல் நடையில் அப்பாவின் கைபிடித்து வந்தவர்களுக்கு நன்றி

பங்குனி கடைசி ஞாயிறு அதிகாலையில் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் பறவைக்குரல் நடை நடத்திய நண்பர்களுக்கும், அன்று கூட வந்த எல்லோருக்கும் வணக்கம்.

பார்வை இல்லாத பெரியவரைக் கூட்டி வரலாமா என்று போனில் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "விடியறதுக்கு முன்னாடி நடக்கப் போறோம்க்கா, எல்லாருமே காதை வெச்சுத்தான். ஐயாவைக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க" என்றார் நடையை வழிநடத்திய தம்பி. கண் நீர் அழுத்த நோயில் பார்வை போனதிலிருந்து அப்பா வெளியே கிளம்புவதென்றால் ஒன்று ஆஸ்பத்திரிக்கு, இல்லையென்றால் கல்யாண வீட்டுக்கு. அந்தப் பதிலுக்கே முதல் நன்றி, தம்பி.

மேலூரிலிருந்து இருட்டில் எங்களை ஏற்றி வந்த ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி சொல்ல வேண்டும். கண்மாய்க்குக் கொஞ்சம் முன்பே வண்டியை அணைத்துவிட்டு, சத்தத்தில் குருவி கலைந்துவிடும் என்று அங்கிருந்து எங்களோடு நடந்தே வந்தார். யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை.

ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் நின்றபோது கிழக்கு வெளுக்கவில்லை. பாறைப் பக்கமிருந்து பக்கி என்கிற இராப்பறவை ஒன்று 'சுக்… சுக்…' என்று ஆரம்பித்து, வேகம் கூடிச் சட்டென்று நின்றது. அடுத்த குரல் வந்ததும், தம்பி வாய் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "கரிச்சான் எந்திரிச்சிருச்சு. மாட்டை அவுக்கலாம்." எல்லோரும் அப்பா பக்கம் திரும்பினார்கள். கரிச்சான் குரலை வைத்தே ஏர் கட்டக் கிளம்பிய காலத்தை அவர் சொல்லத் தொடங்க, தம்பி நடையை அங்கேயே நிறுத்திவிட்டார். நேரமாகிறது என்று ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எத்தனையோ தடவை எங்கள் வீட்டிலேயே பாதியில் நின்றுபோன கதை அது. அன்றுதான் முழுதாகச் சொல்லி முடித்தார்.

அப்புறம் குண்டுகரிச்சான் பாட ஆரம்பித்தது. இனப்பெருக்கக் காலமான பங்குனி, சித்திரையில்தான் ஆண் பறவை இப்படி உச்சிக் கிளையில் ஏறி விதவிதமாகப் பாடும், எல்லையைக் காக்கவும் துணையை அழைக்கவும். மார்கழியில் வந்தால் இதே பறவை சும்மா சீறிக்கொண்டு புதரில் திரியும் என்றார் தம்பி. விடியலில் காற்று அடங்கி இருப்பதால் குரல் தூரம் போகும் என்பதையும் சொன்னார். தையல்சிட்டு, அக்காக்குயில், கௌதாரி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன.

கல்லூரியில் படிக்கும் அந்தத் தங்கச்சியை மறக்கவே மாட்டேன். அவள் அப்பாவைப் பிடித்து இழுக்கவில்லை. தன் முழங்கையைக் கொடுத்து, "தாத்தா, முன்னாடி ஒரு கல்லு, இடது காலைக் கொஞ்சம் தூக்கி வைங்க" என்று சொல்லிக்கொண்டே அரை அடி முன்னால் நடந்தாள். அப்படித்தான் கூட்டிப் போக வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. வெயில் ஏறத் தொடங்கியதும் ஆலமரத்தில் குக்குறுவான் செம்பு தட்டுவதுபோல் 'டுக் டுக்' என்றது. இரண்டா, மூன்றா என்று நாங்கள் நாலு திசையிலும் தேடினோம். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஒரே குருவிதான். மூஞ்சியைத் திருப்பித் திருப்பிக் கத்துது" என்றார். தம்பி பைனாகுலரில் பார்த்தார்: மொட்டைக் கிளை நுனியில் ஒற்றைக் குக்குறுவான், கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டு. அந்தத் தங்கச்சி அப்பாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்தக் கிளையை நோக்கி நீட்டினாள்.

சுக்குமல்லிக் காப்பி கொடுத்துக் காசு வாங்க மறுத்த அக்காவுக்கும், கடைசிவரை செல்போனை எடுக்காமல் வந்த பிள்ளைகளுக்கும் நன்றி.

இந்த ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2022-இல் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193.42 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. சுற்று வட்டார கிராம மக்கள் மதுரை வரை நடந்து போய்ப் போராடினீர்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாகும்வரை நீங்கள் ஓயவில்லை. ஏழு குன்றுகளும் சுனைகளும் வல்லூறுகளும் அங்கே அப்படியே இருப்பதால்தான் அப்பாவுக்கு அந்தக் காலை கிடைத்தது. உங்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது.

அப்பா ஒரு சேதியும் சொல்லச் சொன்னார். சித்திரை நடையை அரை மணி நேரம் முன்னதாகவே வையுங்களாம். கரிச்சான் முதல் குரல் கொடுக்கும்போது அவர் கண்மாய்க் கரையில் இருக்க வேண்டுமாம். ஆட்டோ அண்ணனிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டோம்.