சம்பளம் வேறு கணக்கு, பெயர் வேறு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரு படத்தின் பெருமையில் பெரும்பங்கு நடிகருக்கா, எழுத்தாளருக்கா, இயக்குநருக்கா என்று உங்கள் வாசகர் பகுதியில் வாதம் நடந்துவருகிறது. நடிகர் பக்கம் பேசுகிறவர்கள் வசூலைக் காட்டுகிறார்கள். அது சம்பளத்துக்கான நியாயம். ஃபைனான்ஸ், விநியோகஸ்தர் உறுதியாகத் தரும் குறைந்தபட்சத் தொகையான எம்.ஜி., சாட்டிலைட் எனப்படும் தொலைக்காட்சி உரிமை, ஓ.டி.டி. எல்லாமே கதாநாயகன் பெயரை வைத்துத்தான் பேசி முடிக்கப்படுகின்றன. திரைக்கதை பாதி எழுதியிருக்கும்போதே வியாபாரம் முடிந்துவிடுவதும் உண்டு. முதல் நாள் கூட்டம் அந்த முகத்துக்காக வருகிறது என்றால் அவருக்குச் சம்பளம் கூடுதலாக இருப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திரையில் நடப்பதை உண்டாக்கியவர் யார் என்பதற்கு வசூல் பதிலாகாது.

1937இல் வந்த 'அம்பிகாபதி'யை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர். தமிழ் தெரியாதவர். அந்தப் படத்தின் தமிழ் வசனகர்த்தா இளங்கோவனுடையது. கதாநாயகன் எம்.கே.தியாகராஜ பாகவதர் பாடியும் பேசியும் அதற்கு உயிர் கொடுத்தார். 1952இல் 'பராசக்தி'யில் சிவாஜி கணேசன் புதுமுகம். ஆகவே முகத்துக்காகக் கூட்டம் வந்தது என்று சொல்ல வழியில்லை. மூலம் பாவலர் பாலசுந்தரத்தின் நாடகம், வசனம் மு.கருணாநிதி, இயக்கம் கிருஷ்ணன் - பஞ்சு. நீதிமன்றக் காட்சியில் வாக்கியத்தைக் கட்டியவர் ஒருவர். எங்கே மூச்சை இழுப்பது, எந்தச் சொல்லில் குரலை இறக்குவது என்று கண்டவர் இன்னொருவர். ஒன்றைக் கழித்துவிட்டு மற்றதைப் பார்க்க முடியாது. அந்தக் காலத்தில் வசனகர்த்தாவின் பெயரைச் சொல்லியே படம் பார்க்கப் போனார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நடிப்பு என்று நாம் பார்ப்பதே ஒருவர் வேலை அல்ல. ஒரு காட்சிக்கு எல்லோரும் தெரியும் மாஸ்டர், எதிரில் நிற்பவரின் தோளுக்கு மேலிருந்து இரண்டு பக்கமும் சஜஷன், அப்புறம் முகத்தை மட்டும் காட்டும் க்ளோஸ் என்று எடுப்பார்கள். எடிட்டிங்கில் மூன்றாவது டேக்கின் பார்வையும் ஐந்தாவது டேக்கின் திரும்பலும் ஒன்றாகும். 80களில் மோகன் நடித்த பல படங்களில் பேசும் குரல் எஸ்.என்.சுரேந்தருடையது, பாடும் குரல் பெரும்பாலும் எஸ்.பி.பாலசுப்ரமணியத்துடையது. ரசிகர் நெஞ்சில் நின்றது மோகன். அதில் தவறில்லை, அந்த முகம் இல்லாமல் அந்தக் குரல்கள் அப்படிப் பொருந்தியிருக்காது. ஆனால் அத்தனையையும் ஒருவர் கணக்கில் எழுதும்போது சுரேந்தர் காணாமல் போகிறார்.

எழுத்து எப்படிக் காணாமல் போகிறது என்பதற்கு டப்பிங் தியேட்டரிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். எடுத்த காட்சியின் பொருள் மாற வேண்டும், திரும்ப எடுக்கக் கால்ஷீட் இல்லை. கதாநாயகி 'போகமாட்டேன்' என்று வாயசைத்திருக்கிறார். அதை 'வரமாட்டேன்' என்று மாற்றினால் ஒட்டாது. ப, ம இரண்டும் உதடு மூடிப் பிறக்கும் எழுத்துகள். திரையில் உதடு மூடும் இடத்தில் அவை இரண்டில் ஒன்று வந்தே ஆக வேண்டும். வகரத்துக்கு மேற்பல் கீழுதட்டைத் தொடும், உதடுகள் மூடாது. 'பேசமாட்டேன்' என்று போட்டுப் பாருங்கள். முதல் எழுத்தில் உதடு மூடுகிறது, 'மா'வில் மறுபடி மூடுகிறது, எழுத்துக் கணக்கும் சரி. ஓகாரத்துக்குக் குவிந்த உதடு ஏகாரத்துக்கு விரிய வேண்டும் என்பது ஒன்றுதான் இடிக்கும். சஜஷனில் அது தெரியாது. க்ளோஸில் தெரியும், ஆகவே அந்த ஒரு சொல்லுக்கு எதிரில் நிற்பவரின் முகத்துக்கு வெட்டிவிடுவார்கள். ஒரே ஒரு சொல்லில் பிரிவுக் காட்சி ஊடல் காட்சியாகிவிடுகிறது. அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவர் பெரும்பாலும் ஓர் உதவி இயக்குநராகவோ, அன்றைக்குக் கூப்பிட்டனுப்பிய ஒரு வசனகர்த்தாவாகவோ இருப்பார். டைட்டிலில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது.

எழுத்தாளரின் பெயரை நடிகர் பறித்துக்கொள்வது அரிது. அது பெரும்பாலும் 'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்' என்று ஒருவர் பெயரில் வரும் டைட்டில் கார்டில்தான் போகிறது. வசனகர்த்தாவாக இருந்த ஸ்ரீதர் 1959இல் 'கல்யாணப் பரிசு' மூலம் இயக்குநரானபோது அவர் எழுத்தை அவரே இயக்கினார், அது நேர்மையான கார்டு. இன்று எழுதாதவரும் அப்படிப் போட்டுக்கொள்வதற்குப் புகழாசை மட்டும் காரணமல்ல, சட்டமும் காரணம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்தின் 'ஆசிரியர்' தயாரிப்பாளர்தான். இயக்குநருக்கு அதில் இடமே இல்லை. 2010 மசோதாவில் முதன்மை இயக்குநரையும் சேர்க்கும் யோசனை இருந்தது, 2012இல் சட்டம் திருத்தப்பட்டபோது அது கைவிடப்பட்டது. ஆனால் திரைக்கதை தனி இலக்கியப் படைப்பு, அதை எழுதியவருக்கு உரிமை உண்டு. எழுத்துக் கார்டில் தன் பெயர் இருந்தால்தான் ரீமேக் பேச்சில் தனக்கு ஒரு நாற்காலி என்று இயக்குநருக்குத் தெரியும். இயக்குநருக்கு உரிய உரிமையை அவர் பெயரிலேயே சட்டம் கொடுத்தால் அவர் அடுத்தவர் கார்டுக்குள் ஏற வேண்டியிருக்காது. இயக்குநர் சங்கமும் எழுத்தாளர் சங்கமும் சேர்ந்து கேட்க வேண்டிய திருத்தம் இது என்பது என் உறுதியான கருத்து.

திரைக்கதையின் உரிமை எவ்வளவு கெட்டியானது என்பதை டெல்லி உயர் நீதிமன்றம் 2023இல் காட்டியது. சத்யஜித் ராய் 1966இல் எடுத்த 'நாயக்' ஒரு சினிமா நடிகனைப் பற்றிய கதை. அதை நாவலாக்கும் உரிமை தங்களுடையது என்று தயாரிப்பாளர் தரப்பு வழக்குத் தொடுத்தது. திரைக்கதை ராயின் படைப்பு, உரிமையும் அவருடையதே என்று தீர்ப்பானது.

2012 திருத்தம் இன்னொன்றும் செய்தது. திரையரங்கில் படத்தோடு காட்டுவதைத் தவிர மற்ற பயன்பாடுகளுக்கு வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை எழுத்தாளர் விட்டுக்கொடுக்க முடியாது. அதை விட்டுக்கொடுத்ததாக ஒப்பந்தத்தில் வரி இருந்தால் அந்த வரி செல்லாது. அதற்கு முன்பிருந்தே உள்ள விதிப்படி, உரிமையைக் காலம் குறிக்காமல் எழுதிக்கொடுத்தால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் பொருள். பாடலாசிரியர்களுக்கு ராயல்டியை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பின் வழியாகப் பணம் வருகிறது. திரைக்கதைக்கு அந்தப் பழக்கம் நம்மிடம் இன்னும் வேரூன்றவில்லை. நடிகர்களுக்கும் இதே திருத்தம் உரிமை தந்தது. ஆனால் டைட்டிலில் பெயர் போடும் வழக்கமே இல்லாத துணை நடிகர்கள் பெரும்பாலும் அந்த உரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். பெயர் போடுவது வெறும் மரியாதை என்று நினைப்பவர்கள் அந்தப் பிரிவைப் படித்துப் பார்க்க வேண்டும்.

எழுதுகிறவர்கள் பெயரை இழக்கும் இடங்கள் தெரிந்தவைதான். முதலில் கதை விவாதம். ஆறு மாதம் உட்கார்ந்து பேசியதற்குக் காகிதமே இருக்காது. ஒவ்வொரு நாளும் முடிவான சீன் ஆர்டரைத் தேதி போட்டு இயக்குநருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். அரைப் பக்கக் கதைச்சுருக்கமான ஒன்லைனைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பதும் வீண். கருவுக்குப் பதிப்புரிமை இல்லை, அதைச் சொல்லும் விதத்துக்குத்தான் என்று 1978லேயே உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. காட்சி, வசனத்தோடு முழு பவுண்ட் ஸ்கிரிப்டை எழுத்தாளர் சங்கத்தில் பதிய வேண்டும். பதிப்புரிமை அலுவலகத்தில் இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய்தான். 2018இல் 'சர்கார்' படத்தின் கதை தன்னுடையது என்று சொன்ன வருண் ராஜேந்திரன், தன் கதையை 2007லேயே சங்கத்தில் பதிந்து வைத்திருந்ததால்தான் விஷயம் உயர் நீதிமன்றம் வரை நின்று, படத்தில் அவர் பெயர் போடும் சமரசத்தில் முடிந்தது.

அடுத்தது ஒப்பந்தம். 'பெயர் இடம்பெறும்' என்ற வரி போதாது. தனிக் கார்டா, ஆரம்ப டைட்டிலிலா, என்ன சொல்லில், போஸ்டரிலும் டப்பிங் பதிப்புகளிலும் உண்டா என்று எழுத வேண்டும். கடைசியில் ஓடும் ரோலிங் டைட்டிலில் போட்டால் தியேட்டரில் விளக்கு எரிந்துவிடும், ஓ.டி.டி.யில் திரை சுருங்கி அடுத்த படத்துக்குப் போய்விடும். சம்பளத்தின் கடைசித் தவணையை ரிலீஸோடு இணைத்தால் படம் பெட்டிக்குள் கிடக்கும்வரை பணமும் கிடக்கும். டப்பிங் தொடங்கும் நாளோடு இணைப்பது நல்லது. டைட்டில் கார்டு வேலை, படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் டி.ஐ., ஒலிகளைச் சேர்க்கும் மிக்ஸிங் நெருக்கடிக்கு நடுவே கடைசி வாரத்தில் நடக்கிறது. இயக்குநர் அலுவலகத்திலிருந்து போகும் பெயர்ப் பட்டியலைத் தணிக்கைக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். சான்றிதழ் வாங்கிய பிரதியில் பிறகு எதை மாற்றினாலும் மறுபடி வாரியத்திடம் போக வேண்டும் என்பதால், 'அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்' என்பது நடக்காத காரியம்.

பிரித்துப் போட்டால் யாருடைய பெருமையும் குறைவதில்லை. 'சூரரைப் போற்று' படத்துக்காக 68ஆவது தேசிய விருதுகளில் சூர்யாவுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. திரைக்கதை விருதை ஷாலினி உஷா நாயரும் படத்தின் இயக்குநர் சுதா கொங்கராவும் பெற்றார்கள். வசனம் விஜய் குமார். எழுத்துக்கு மூன்று பேரின் பெயர்கள் இருந்ததால் இயக்குநரின் உயரம் குறைந்ததா, நடிகரின் வெளிச்சம்தான் மங்கியதா?

உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை விமர்சனத்துக்கு மேலே நடிகர்கள், இசை, ஒளிப்பதிவு, இயக்கம் என்று போடுகிறீர்கள். அதில் எழுத்து என்று ஒரு வரி சேருங்கள். திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்றால் இரண்டையும் தனித்தனியே போடுங்கள். பத்திரிகையாளர் காட்சியில் தரும் தாளில் அந்தப் பெயர்கள் இல்லையென்றால் படத்தின் மக்கள் தொடர்பாளரிடம் கேளுங்கள். ஒவ்வொரு வாரமும் அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தால், பட்டியல் தயாரிக்கும்போதே அவர்கள் அந்த இடத்தை நிரப்பி அனுப்புவார்கள்.

இப்படிக்கு,
திரைக்கதை எழுதும் ஒரு வாசகர்,
சாலிகிராமம், சென்னை.