முதலில் எந்தச் சாலை? தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணைய உறுப்பினர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நெடுஞ்சாலைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பொறியாளன் எழுதும் மடல் இது. இமயமலை மாநிலங்களில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தால் எந்தச் சாலையை முதலில் திறப்பது, எதை அடுத்துத் திறப்பது, எந்தப் பாலம் விழுந்தால் எவ்வழியே சுற்றிச் செல்வது என்ற வரிசையை இப்போதே முடிவு செய்து, மாவட்டந்தோறும் மக்கள் அறிய வெளியிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

2011 செப்டம்பர் 18 மாலை சிக்கிமில் 6.9 அளவில் நிலம் அதிர்ந்தபோது, மீட்புக் குழுக்கள் மேற்கு வங்கச் சமவெளியில் உள்ள பாக்டோக்ரா வரை விமானத்தில் விரைவாகவே வந்து சேர்ந்தன; ஆனால் கேங்டாக் செல்லும் ஒரே முதன்மைச் சாலை மழையிலும் மண்சரிவிலும் அடைபட்டுக் கிடந்ததால், அங்கிருந்து மேலே செல்ல முடியாமல் தவித்தன. அதற்கும் இருபது ஆண்டுகள் முன்பு, 1991 அக்டோபர் நிலநடுக்கத்தில், உத்தரகாசி அருகே கவானா பாலம் இடிந்தது. அந்த ஒரு பாலத்தோடு மேல் பள்ளத்தாக்கின் ஊர்களுக்கான வண்டிப் போக்குவரத்தும் நின்றது. இரண்டு இடங்களிலும் ஆளும் பொருளும் இருந்தன, வழிதான் இல்லை.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் தோஹோகு பகுதியை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபோது, அங்குள்ள சாலை அதிகாரிகள் சீப்பின் வடிவத்தில் சிந்தித்தார்கள். உள்நாட்டில் வடக்குத் தெற்காக ஓடும் அதிவேகச் சாலையும் தேசியச் சாலை 4-உம் சீப்பின் முதுகு; அதிலிருந்து கிழக்கே கடற்கரை ஊர்களுக்குப் பிரியும் 16 சாலைகள் அதன் பற்கள். முதுகை முதலில் உறுதி செய்துகொண்டு பற்களைத் திறக்கத் தொடங்கினார்கள். மறுநாளே 11 சாலைகளும், மார்ச் 15-க்குள் 15 சாலைகளும் திறந்துவிட்டன. கடலோரச் சாலை கடைசியாக வந்தது. அவர்கள் செய்தது சீரமைப்பு அன்று. இடிபாடுகளை ஓரமாகத் தள்ளி, ஒரு வண்டி போகும் அளவுக்கு மட்டும் வழிவிட்டார்கள். நம் துறையில் பழகியவர்களுக்கு இது எளிதில் கைவராது; சாலை என்றாலே அளவெடுத்து, மதிப்பீடு போட்டு, ஒப்பந்தம் கோரித்தான் நமக்குப் பழக்கம். அங்கே உள்ளூர்க் கட்டுமான நிறுவனங்களோடு முன்கூட்டியே உடன்பாடு செய்திருந்தார்கள். யாருடைய பொக்லைன் எந்த வளைவுக்குப் போக வேண்டும் என்பதை நாமும் அமைதிக் காலத்திலேயே எழுதி வைக்கலாம்.

இந்தப் பாடத்தை ஜப்பானியர் பெரும் விலை கொடுத்தே கற்றார்கள். 1995 ஜனவரி 17 அதிகாலை நிலநடுக்கத்தில் கோபே நகரில் உயர்மட்ட அதிவேகச் சாலை 600 மீட்டருக்கும் மேல் சாய்ந்து விழுந்தது. தரையில் இருந்த தெருக்களிலோ இடிந்த வீடுகளும், உறவினரைத் தேடி மக்கள் ஓட்டிவந்த கார்களும் தீயணைப்பு வண்டிகளை மறித்தன. அதன் பிறகு நாடு முழுவதும் அவசரப் போக்குவரத்துச் சாலைகள் அறிவிக்கப்பட்டன, பாலங்கள் வலுவூட்டப்பட்டன. அறிவித்த சாலையின் மேல் கட்டடம் விழுந்தால் அறிவிப்பால் பயனில்லை என்று உணர்ந்த தோக்கியோ நிர்வாகம், முக்கியச் சாலையோரக் கட்டடங்களின் நிலநடுக்கத் தாங்குதிறனைச் சோதிப்பதை 2011-இல் கட்டாயமாக்கியது. 2014-இல் வழியை மறிக்கும் வண்டிகளை அகற்றச் சாலை நிர்வாகிகளுக்குச் சட்டமே அதிகாரம் தந்தது. தூண்கள் மேல் ஐந்து மாடி எழுந்து நிற்கும் நம் மலை நகரக் கடைவீதிகளை நினைத்துப் பார்த்தால், பெரும்பணி இங்கேதான் காத்திருக்கிறது என்பது என் கணிப்பு.

இத்தனை ஏற்பாடு இருந்தும் 2024 புத்தாண்டு நாளில் நோத்தோ தீவக்குறையை நிலநடுக்கம் தாக்கியபோது ஜப்பான் தடுமாறியது. சாலைகள் பல இடங்களில் அறுந்தன. கடலடி நிலம் மேலெழுந்ததால் துறைமுகங்களும் பயன்படாமல் போயின. பல ஊர்களுக்கு வீரர்கள் நடந்தே சென்றார்கள். ஒரு பக்கம் மட்டுமே வாசல் உள்ள நிலப்பகுதிக்குச் சாலைப் பட்டியல் மட்டும் போதாது என்பதால், ஹெலிகாப்டர் இறங்கும் மைதானங்களையும் நடைபாதைகளையும் அதே வரைபடத்தில் சேர்க்க வேண்டும்.

பாலங்களுக்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 2024 வயநாடு நிலச்சரிவின்போது மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவினர் சூரல்மலையில் 190 அடி பெய்லி பாலத்தை (ஆயத்த இரும்புப் பாகங்களைப் பூட்டி அமைக்கும் பாலம்) இரவு பகலாக உழைத்து நிறுவினார்கள். ஆனால் அதன் பாகங்கள் தொலைவிலிருந்து வந்தன. கேரளத்தின் நல்ல சாலைகள் அதற்குக் கைகொடுத்தன. இமயமலையில் பாகங்கள் வரவேண்டிய சாலையே அறுந்திருக்கும். ஆகவே பெய்லி பாகங்கள், மண் அள்ளும் இயந்திரங்கள், டீசல் ஆகியவை பள்ளத்தாக்கின் மேல்முனையிலும் இருப்பில் இருக்க வேண்டும்.

எல்லாப் பள்ளத்தாக்குகளையும் ஒரே ஆண்டில் முடிக்க இயலாது என்பதை அறிவேன். சிக்கிமில் ஓடும் தீஸ்தா ஆற்றின் பள்ளத்தாக்கிலிருந்து தொடங்கலாம். 2023 அக்டோபர் பனியேரி வெள்ளம் ஆற்றோரமாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 10-ஐப் பல இடங்களில் அரித்தது. பாக்ராகோட்டிலிருந்து லாவா வழியாகக் கேங்டாக் செல்லும் 717ஏ சாலை அதற்கு மாற்றாகப் பேசப்படுகிறது. ஒரே அதிர்வில் இரண்டும் அறுபடக்கூடிய இடங்கள் எவை, அவற்றுள் எதை முதலில் திறப்பீர்கள், அதற்கான இயந்திரம் எங்கே நிற்கிறது? இந்த மூன்று கேள்விகளுக்குரிய விடையை நேபாளி, வங்காளம், இந்தி மொழிகளில் ஒரு தாள் வரைபடமாக்கி, அடுத்த மழைக்காலத்துக்குள் கேங்டாக், காலிம்போங் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களின் சுவரில் ஒட்டச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நெடுஞ்சாலைப் பொறியாளர் ஒருவர்