டப்பாவில் இலைப் படம் இருக்கிறது, காலி டப்பாவை எடுக்க ஆள் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இப்போதெல்லாம் எந்த முகக் கிரீமை எடுத்தாலும் டப்பாவில் ஒரு பச்சை இலை இருக்கிறது, பக்கத்திலேயே 'மறுசுழற்சி செய்யத்தக்கது' என்று ஒரு வரி. கோலாலம்பூர் பேரங்காடியில் வாங்குகிறவர்களுக்கு அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். கெடா மாநிலத்துப் பீடோங் பக்கம் தோட்டத்தில் இருக்கும் எங்களுக்கு அது உண்மை இல்லை.

நாங்கள் இருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பழைய சாமான் லாரி வரும். அந்த அண்ணன் ஷாம்பு போத்தலைக் கவிழ்த்து, அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும், பிளாஸ்டிக் வகையைக் காட்டும் எண்ணைப் பார்ப்பார். 1, 2 என்றால் சாக்கில் போடுவார். ஆனால் மேலே இருக்கும் பம்பை முறுக்கிக் கழற்றி நம் கையிலேயே கொடுத்துவிடுவார், ஏனென்றால் அந்தச் சின்னப் பம்புக்குள் இரண்டு மூன்று வகைப் பிளாஸ்டிக்கும் ஒரு கம்பிச் சுருளும் இருக்கும், அதைப் பிரித்து எடுத்தால் கூலிகூடக் கட்டாது. கிரீம் டியூப், லிப்ஸ்டிக் கூடு, கண்மை டப்பா, சாஷே என்கிற சின்னப் பாக்கெட் எதையும் தொடமாட்டார். சாஷேயில் பிளாஸ்டிக்கும் அலுமினியத் தாளும் ஒன்றாக ஒட்டியிருக்கிறது, அதைப் பிரித்து உருக்க இங்கே வழியே கிடையாது. கறுப்பு டப்பா பார்க்க அழகுதான், ஆனால் கரிச்சாயம் கலந்த பிளாஸ்டிக்கைப் பெரிய ஆலைகளின் அகச்சிவப்புக் கருவியே அடையாளம் காண்பதில்லை, லாரிக்கார அண்ணன் என்ன செய்வார்?

விலை கூடின கிரீம் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். வெளியே பளபள தாள் சுற்றிய அட்டைப் பெட்டி, உள்ளே கனமான டப்பா, அதற்குள் ஒரு மெல்லிய கிண்ணம், மேலே மூடித் தட்டு, கூடவே ஒரு குட்டிக் கரண்டி. கிரீம் இருப்பது அந்தக் கிண்ணத்தில் மட்டும்தான். மற்றதெல்லாம் பெரிதாகக் காட்டுவதற்கு. கிண்ணத்தை மட்டும் தனியாக விற்கும் நிறுவனங்கள் இப்போதே இருக்கின்றன, டப்பாவை வைத்துக்கொண்டு கிண்ணத்தை மாற்றினால் போதும். ஆனால் அது நம் ஊர்க் கடைகளுக்கு வருவதில்லை.

சரி, லாரி எடுக்காதது எங்கே போகிறது? குப்பை வண்டி தாமான் என்கிற குடியிருப்புப் பகுதியோடு திரும்பிவிடுகிறது, தோட்டம் தனியார் நிலமாம். கெடாவில் திடக்கழிவுக்கான 672 சட்டம் நடப்பில் இருக்கிறது, வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்று 2015 செப்டம்பரிலிருந்து சொல்கிறார்கள், பிரித்து வைத்ததை எடுக்க ஆள் வர வேண்டாமா? கடைசியில் செம்பனைக்கு நடுவே வெட்டிய குழியில் கொட்டுகிறார்கள், இல்லையென்றால் சாயங்காலம் கொளுத்துகிறார்கள். 2018இல் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பைக்குச் சீனா கதவடைத்ததும் அது நம் நாட்டுப் பக்கம் திரும்பி, சுங்கைப் பட்டாணியில் எரித்த புகை மக்களை என்ன பாடு படுத்தியது என்பதை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. அப்படியிருந்தும் நாமே நம் வாசலில் கொளுத்துகிறோம்.

எனக்குப் பெரிய ஆதங்கம் வேறொன்று. சோப்பு, ஷாம்பு நுரை, கிரீமில் சேரும் கிளிசரின் என்று இவற்றில் நிறையச் சரக்கு செம்பனை எண்ணெயிலிருந்தும் அதன் கொட்டை எண்ணெயிலிருந்தும் வருவதுதான், நம் ஆட்கள் வெயிலில் குலை வெட்டி இறக்கியதுதான். அந்த எண்ணெய் ஒழுங்காக எடுக்கப்பட்டதா என்று பார்க்க 2004இலிருந்து ஆர்.எஸ்.பி.ஓ. என்ற அனைத்துலகச் செம்பனை எண்ணெய் அமைப்பு இருக்கிறது. அதே எண்ணெய் டப்பாவில் அடைபட்டு இந்த லயத்துக்கே வந்து, காலியானதும் குழியில் கிடக்கிறதே, அதைக் கேட்க ஒருவரும் இல்லை.

'சாஷே வாங்காதே' என்று தோட்டத்துப் பெண்களிடம் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. கையில் இருக்கிற சில்லறைக்குத் தக்கபடி ஷாம்பு கிடைக்கட்டும் என்றுதான் கடலூர் சின்னி கிருஷ்ணன் சாஷேயைக் கொண்டு வந்தார், அந்தத் தேவை இன்றும் அப்படியே இருக்கிறது. அதற்குப் பதில், மளிகைக் கடையில் ஒரு பெரிய கலன் வைத்து, வீட்டுப் போத்தலில் அளந்து ஊற்றிக் கொடுக்க நிறுவனங்கள் ஏற்பாடு செய்யட்டும். ஒரு காலத்தில் தேங்காய் எண்ணெயை அப்படித்தானே வாங்கினோம்?

விளம்பர வாசகத்தை மட்டும் நம்பவும் முடியாது. 'நான் காகிதப் போத்தல்' என்று எழுதி விற்ற கொரிய இன்னிஸ்ஃப்ரீ போத்தலை 2021இல் ஒருவர் அறுத்துப் பார்த்தபோது உள்ளே பிளாஸ்டிக் போத்தல் இருந்தது, நிறுவனமும் மன்னிப்புக் கேட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025இல் நடப்புக்கு வந்த சட்டம், 2030க்குள் எல்லாப் பொட்டலமும் மறுசுழற்சிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. நம் அரசாங்கமும் 2021இல் வெளியிட்ட பிளாஸ்டிக் திட்டத்தில், விற்கிறவரே காலிப் பொட்டலத்துக்குப் பொறுப்பேற்கும் முறையைக் கட்டாயமாக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறது. அது வரும்போது தோட்டங்களையும் சேர்த்து எழுதுங்கள் என்று நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் இப்போதே வாய் திறக்க வேண்டும். சட்டம் தாமானோடு நின்றுவிட்டால் எங்கள் குழி நிரம்பிக்கொண்டேதான் இருக்கும்.

அப்புறம் உங்களிடமும் ஒரு வேண்டுகோள் ஐயா. ஞாயிறு மகளிர் பக்கத்தில் அழகுக் குறிப்புகளோடு கிரீம்களையும் அறிமுகம் செய்கிறீர்கள். அந்த டப்பா எந்தப் பிளாஸ்டிக், பம்பு கழலுமா, காலியானதைக் கடை திரும்ப வாங்குமா என்பதையும் அங்கேயே இரண்டு வரி போடுங்கள். வாங்குகிற பெண்கள் கண்டிப்பாகப் படிப்பார்கள்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகி,
பீடோங், கெடா