சுமதிக்கு, அந்த 19 மணி நேரக் கதை

ஏட்டி சுமதி,

எப்படி இருக்க? அண்ணாச்சிக்கு முட்டுவலி தேவலையா? ரெண்டு மாசமா உனக்குப் பதிலே போடலன்னு மனசு உறுத்திட்டே இருக்கு, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அப்புறம் தம்பி வீட்டு பால்காய்ச்சு, நாள் அப்படியே ஓடிருச்சு. திட்டுறத போன்ல திட்டு, இப்ப இதைப் படி.

போன சனிக்கிழமை ராத்திரி கரண்ட் போயி மொட்டைமாடில பாய் விரிச்சுப் படுத்திருந்தோம். திடீர்னு பச்சையா ஒரு எரிநட்சத்திரம், தென்னை உச்சி வரைக்கும் கோடு இழுத்துட்டுப் போயி சட்டுனு அணைஞ்சிருச்சு. என் வாய் தானா "மல்லி, பிச்சி, கனகாம்பரம்"னு ஆரம்பிச்சிருச்சுடி! உங்க ஆச்சி சொன்னது, அஞ்சு பூ பேர் சொல்லலன்னா மறதி வரும்னு. நீ அஞ்சாவதா வாழைப்பூன்னு சொல்லி கொட்டு வாங்குவியே.

சின்னவ கேட்டா, இது வரும்னு முன்னாடியே யாருக்காவது தெரியுமாம்மான்னு. தேடிப் படிச்சா, சில சமயம் தெரியுமாம்! முதல் தடவை அப்படி நடந்தது 2008ல.

அமெரிக்கால, அரிசோனால மவுண்ட் லெமன்னு ஒரு மலை, மேல டெலஸ்கோப் வச்சிருக்காங்க. அங்க அக்டோபர் 5ந்தேதி ராத்திரி ரிச்சர்ட் கோவால்ஸ்கின்னு ஒருத்தர் எடுத்த படங்கள்ல, நட்சத்திரமெல்லாம் அப்படியே நிக்க ஒரு புள்ளி மட்டும் நகருது. அது ஒரு விண்கல்லு, சுமார் 4 மீட்டர், ஒரு கார் நீளம்தான், ஆனா எடை 80 டன் கிட்ட. கணக்கு போட்டா மறுநாளே பூமில விழுது, கையில இருந்தது 19 மணி நேரம். ஒரு தடவை பார்த்தா பாதை பிடிபடாதாம், வேற வேற ஊர்ல இருந்து பார்க்கப் பார்க்கத்தான் விழுற இடம் சுருங்கிட்டே வரும், அதனால உலகம் பூரா தூங்காம பார்த்திருக்காங்க, 500க்கு மேல அளவுகள் வந்து குவிஞ்சிருச்சு. சூடான் வடக்குப் பாலைவனம், நம்ம நேரம் காலைல 8:16ன்னு சொல்லிட்டாங்க. கடைசி ஒரு மணி நேரம் பூமியோட நிழலுக்குள்ள புகுந்து கல்லு மறைஞ்சே போச்சு, அதுக்கப்புறம் கணக்கை மட்டும் நம்பி உக்காந்திருக்கணும், நெனச்சுப் பாரு! சொன்ன நேரத்துக்கு, சொன்ன இடத்துல வந்துச்சுடி. 37 கிலோமீட்டர் உசரத்துலயே வெடிச்சுச் சிதறிருச்சு. அன்னிக்கு நவராத்திரி, நான் பெரியவளுக்குத் தலை பின்னிட்டு இருந்திருப்பேன்.

எனக்குக் கண்ணுல தண்ணியே வந்தது அடுத்து நடந்ததுக்குத்தான். டிசம்பர்ல சூடான் தலைநகர் கார்ட்டூம் யுனிவர்சிட்டி புள்ளைங்க, பீட்டர் ஜென்னிஸ்கென்ஸ்னு ஒரு விஞ்ஞானி, அவங்க பேராசிரியர் முவாவியா ஷதாத், எல்லாரும் பஸ்ல போயி, பாலைவனத்துல வரிசையா நின்னு, நாத்து நடுற மாதிரி குனிஞ்சு பார்த்துட்டே நடந்திருக்காங்க. கெடைச்சுது! கரிக்கட்டை மாதிரி சின்னச் சின்னக் கல்லு, போகப் போக அறுநூறு கிட்ட. அத்தனையும் சேர்த்தாலும் பத்து கிலோ சொச்சம்தான், 80 டன்ல கைக்குக் கெடைச்சது அவ்வளவுதான். அந்தக் கல்லுக்கு அல்மஹாட்டா சிட்டான்னு பேரு, அரபில ஆறாவது ஸ்டேஷன், பக்கத்துல இருந்த ரயில்வே ஸ்டேஷன் பேரையே வச்சுட்டாங்க.

ஆனா ஒரு பயமும் வந்துருச்சுடி. 2013ல ரஷ்யால செல்யாபின்ஸ்க்ல விழுந்த கல்லு 20 மீட்டர் கிட்ட, இதைவிட எவ்வளவோ பெருசு, அதை ஒருத்தருமே முன்கூட்டிப் பார்க்கல, சூரியன் இருக்குற பக்கத்துல இருந்து வந்ததால டெலஸ்கோப்புக்குத் தட்டுப்படல. வெளிச்சத்தைப் பார்த்து சனம் ஜன்னலுக்கு ஓடியிருக்கு, சத்தமும் அதிர்வும் வந்து சேர ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும்ல, அப்ப கண்ணாடி வெடிச்சு 1500 பேர் கிட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. படிச்சதுல இருந்து உன் புது வீட்டு ஹால்தான் ஞாபகம் வருது, சுவர் முழுக்கக் கண்ணாடி வச்சிருக்கியே. வானத்துல பெருசா வெளிச்சம் அடிச்சா வேடிக்கை பார்க்க ஓடாத, உள்ரூம்ல ரெண்டு மூணு நிமிஷம் தள்ளியே நில்லு, கார்த்திக்கிட்டயும் சொல்லி வை. நிஜமாத்தான் சொல்றேன்.

அம்மா உன்னைக் கேட்டாங்க. தைக்கு வரேன்னியே, டிக்கெட் போட்டாச்சா?

உன்
செல்வி